பத்து மணித் துண்டு

பத்து மணிக்குச் சங்கு ஊதும்.
வைரக்கம்பி நிற்கும், தண்ணீர் நிற்கும்.
மலையின் விலாவில் பாதி இறங்கிய வெட்டு
வாயைத் திறந்தபடி அப்படியே இருக்கும்.
நாங்கள் ஆறு பேர்
தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம்.

நெல்லோவின் பொட்டலத்தில்
விரல் தடிமனுக்குப் பன்றிக்கொழுப்பு.
கொலொன்னாத்தாவில் ஒரு பளிங்குத் தொட்டிக்குள்
உப்பும் மிளகும் பூண்டும் ரோஸ்மேரியும் அப்பி
ஆறு மாதம் இருட்டில் கிடந்தது.
முப்பத்தொரு வருடம் நானும் அந்தத் தடிமனில்தான் தின்றேன்.
ரொட்டி வெறும் சாக்கு.
பிறகு இயந்திரத்தில் காசு போட்டு
ஒரு பை உருளைக்கிழங்கு வறுவல்.
பிறகு, சும்மா இருக்கும் வாய்க்கு இன்னொன்று.

மார்ச் மாதம், மாஸ்ஸா மருத்துவமனை.
என் கழுத்தில் குளிர்ந்த பசை தடவி உருட்டி
திரையைத் திருப்பிக் காட்டினார் டாக்டர் பெர்த்தாக்கி.
கறுப்பாக ஓர் ஓடை. கரையோரம் வெளுப்பாக ஒரு படிவு.
அவர் விளக்க ஆரம்பிக்குமுன்
எனக்குத் தெரிந்துவிட்டது.
அறுத்த கல்லின் பால்தண்ணீர்
குழாயில் போகப் போக உள்சுவரில் ஒட்டும்,
ஒட்டியது இறுகும்,
ஒரு காலையில் பம்பு முனகும், சொட்டு வராது.
உளியோடு உள்ளே படுத்துச் சுரண்டியவன் நான்.
"இதைச் சுரண்ட முடியாதா?"
"மேற்கொண்டு படியாமல் பார்க்கலாம்" என்றார்.
மாத்திரை எழுதினார்.
ஆலிவ் எண்ணெய் நல்லதா என்று கேட்டேன்.
நல்லதுதான், அதற்காக அதில் குளிக்க வேண்டாம் என்றார்.

தோரினா சீட்டை வாங்கிப் படித்தாள்.
"ரத்தத்தில் இருப்பதை எண்ணிவிட்டார்கள்.
வாயில் இருக்கும் கொழுப்பு
எந்தப் பரிசோதனையிலும் வரவில்லையே!"
அன்றே அலமாரியைக் காலி செய்தாள்.
அவித்த கீரை, அவித்த மீன், அவித்த கீரை.
நான் புனிதனாகிக்கொண்டிருந்தேன்,
எல்லோரிடமும் எரிந்து விழும் புனிதன்.

இருபத்திரண்டாம் நாள் இரவு
கார்க் கொட்டகையில் விளக்குப் போடாமல் நின்று
ஒரு பெரிய பை வறுவல்,
அடியில் கிடந்த தூள் வரைக்கும்.
விரலை நக்கும்போது கதவருகே தோரினா.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
திட்டவில்லை.
உள்ளே போய்
சாப்பாட்டு மேசையில் டாக்டர் சீட்டை விரித்தாள்,
எங்கிருந்தோ ஒரு கட்டிக் கொழுப்பை எடுத்துவந்தாள்,
கத்தியை என் பக்கம் தள்ளினாள்.
"மலையையே பலகை பலகையாக அறுக்கிறவன்தானே.
இதை அறு.
அடியில் இருக்கும் எழுத்துத் தெரியவேண்டும்.
தெரிந்தால் தின்னலாம்."

முதல் துண்டில் ஒன்றும் தெரியவில்லை.
இரண்டாவது கிழிந்தது.
கத்தியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து
மூச்சை நிறுத்தி இழுத்தேன்,
கம்பி கல்லுக்குள் போவதுபோல்,
அழுத்தாமல், அவசரப்படாமல்.
ஐந்தாவது துண்டைச் சீட்டின்மேல் போட்டேன்.
அதன் வழியே மங்கலாக எழுந்து வந்தது
என் பெயர், இலாரியோ,
அதற்குக் கீழே அந்த எண்.

சுட்ட ரொட்டியில் வைத்ததும்
வெள்ளை போய்க் கண்ணாடியானது,
கண்ணாடி போய் வாசனை மட்டும்.
இவ்வளவு நாள் தொண்டையில் இறக்கியிருக்கிறேன்,
நாக்கில் நிறுத்தியது இன்றுதான்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் இரண்டு துண்டு.
மற்ற நாள் சட்டைப்பையில் வால்நட், ஆறு.
ஏழாவதை எடுத்துத் திரும்ப வைத்த நாள் உண்டு,
வைக்காத நாளும் உண்டு.
நொறுங்கத் தின்றால் நூறு வயது என்கிறார்கள்.
எனக்கு எண்பது போதும்.
செப்டம்பரில் அந்த எண் இறங்கியிருந்தது.
டாக்டர் தலையசைத்தார், கைதட்டவில்லை.

இன்று வெள்ளி.
துண்டை விரலில் தொங்கவிட்டு வெயிலுக்கு நேரே பிடிக்கிறேன்.
"தின்னப் போகிறாயா, ஜன்னலில் மாட்டப் போகிறாயா?"
நெல்லோ சிரிக்கிறான், வாய் நிறைய.
அவன் இன்னும் விரல் தடிமன்தான்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
துண்டுக்குப் பின்னால் மலை கலங்கித் தெரிகிறது,
நாங்கள் தின்று தீர்க்கும் வெள்ளை மலை.

சங்கு.
கொஞ்சம் பசி மிச்சம் இருக்கிறது.
இருக்கட்டும்.
ஒரு மணிக்குச் சாப்பாடு.