எண்பதில் போகிற வண்டி

மாதக் கடைசி ராத்திரி
சிஜியில் எங்கள் அறையில் யாரும் சீக்கிரம் படுப்பதில்லை.
குல் நவாஸின் கைப்பேசிதான் முதலில் அதிரும்.
அவன் முகத்தைப் பார்த்தே
எத்தனை ஃபில்ஸ் ஏற்றம் என்று சொல்லிவிடுவார் ஜெகபர்.
இந்த முறை முகத்தில் ஒன்றுமே இல்லை.
லிட்டர் நாலரை திர்ஹத்தைத் தாண்டிவிட்டது.

ஷார்ஜாவில் கட்டில் ஒன்றுக்கு அறுநூறு,
இந்த மலையடியில் முந்நூறு.
மிச்சப்படும் முந்நூறுக்காகத்தான்
போக எண்பது கிலோமீட்டர், வர எண்பது.
பழைய சன்னி, நாலு பேர்.
இப்போது அந்த முந்நூறையும்
வண்டியே குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்த ஆன்றோ
பெட்டியைக் கட்டிக்கொண்டு
வேலைத்தளத்துக்குப் பக்கத்திலேயே போய்விட்டான்.
அவன் இடத்தில்
என் சாப்பாட்டுத் தூக்கு உட்கார்ந்து வருகிறது,
பங்கு தராமல்.

மச்சான் ஃபோனில் சிரிக்கிறான்:
"எண்ணெய்க் கெணத்து மேல குந்திக்கிட்டு
பெட்ரோலுக்கா அழுவுறீங்க?"
கிணறு எங்கேயோ இருக்கிறது, மச்சான்.
நான் பார்த்தது மீட்டரைத்தான்.
"ஐம்பதுக்கு" என்றதும்
எதுவும் கேட்காமல் தலையாட்டும்
அந்த நேபாளிப் பையனையும்.

டிக்கியைக் காலி செய்தோம்.
டயருக்குக் காற்று, வாரம் தவறாமல்.
விடியற்காலையில் ஏசி இல்லை என்று தீர்மானம்.
ஜூலை மாதத்து விடியற்காலை
ஈரத்துணியால் மூக்கைப் பொத்துவது போல் இருந்தது.
மூன்றாம் நாள் ஜெகபரே கை நீட்டிப் போட்டார்,
ஒருத்தரும் பார்க்காததுபோல் வெளியே பார்த்தோம்.

பிறகு குல் நவாஸ் சொன்னான்:
நூற்றுப்பத்தில் போனால் குடிக்கும்.
எண்பதில் போவோம்.

எண்பதில் போனால்
காஃப் மரங்களை எண்ணலாம்.
வேலிக்கு அப்பால் ஒட்டகம் அசைபோடுவதைப்
பாதியிலிருந்து முடியும்வரை பார்க்கலாம்.
தண்ணீர் லாரிகூட
ஒலியெழுப்பி முந்திக்கொண்டு போகும்.
காலையில் பதினாறு நிமிடத் தூக்கம் போனது.
அதைக்கூட விட்டுவிடுகிறேன்.

மாலையில்தான் இடித்தது.
முன்பெல்லாம் ஏழு ஐம்பதுக்கு அறை, வைஃபை,
ஊரில் அப்போது ஒன்பது இருபது.
செம்மலர் தூங்க இன்னும் பத்து நிமிடம்.
இப்போது நான் செருப்பைக் கழற்றும்போது
அங்கே விளக்கணைத்து ஆறு நிமிடம் ஆகியிருக்கும்.
"இப்பத்தான் கண்ணசந்தா" என்பாள் அவள் அம்மா,
தன் மேல் தப்பு போல.

ஒன்பது நாள் பொறுத்தேன்.
பத்தாம் நாள், தைது தாண்டியதும்,
டேட்டா போனால் போகிறது என்று
வண்டிக்குள்ளிருந்தே கூப்பிட்டேன்.
காதில் வைத்தால் இஞ்சின் சத்தம். ஸ்பீக்கரில் போட்டேன்.
குடும்பப் பேச்சு, மூன்று ஆண்களுக்கு நடுவே,
கூச்சமாகத்தான் இருந்தது.
அவளுக்குக் கூச்சமில்லை.
நாளைக்குப் பரீட்சை, ஏழாம் வாய்ப்பாடு.

"ஏழாறு?" என்றார் ஜெகபர் முன்னாலிருந்து.
நாற்பத்திரெண்டு.
"ஏழெட்டு?"
திணறினாள்.
மலைத் திருப்பத்தில் சிக்னல் போய்விட்டது.
திரும்பி வரும்வரை
யாரும் பேசாமல் எண்பதிலேயே போனோம்.
"அம்பத்தாறு!" என்று வந்தாள்.
"ஷாபாஷ்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான் குல் நவாஸ்,
என்ன எண் என்று தெரியாமலே.

ஆகஸ்டில் எட்டாம் வாய்ப்பாடு, ஒன்பதாம் வாய்ப்பாடு.
"நாப்பத்தஞ்சு" என்று குல் நவாஸ்
இப்போது எங்களுக்கு முன்பே சொல்கிறான்,
ஐந்து தடவைக்கு ஒரு தடவை சரியாக.

மாதக் கடைசி மறுபடி வந்தது.
கணிசமாகக் குறைந்திருந்தது.
மறுநாள் மாலை ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை,
முள் தானாகவே நூற்றுப்பத்தைத் தொட்டது.
ஏழு ஐம்பதுக்கு அறை. வைஃபை.
கட்டிலில் சாய்ந்து கூப்பிட்டேன்,
தெளிவான படம், இரைச்சலே இல்லை.

திரையின் ஓரங்களில் தேடினாள்.
"அப்பா, வண்டி எங்க?"