பூச்சியம்

பி.எட். இரண்டாமாண்டு, இயற்பியல் கற்பித்தல்,
பாடத்திட்டம் எண் பதினாறு.
குன்னூரில் மாறி ஏறிய கொலக்கம்பை பஸ்ஸில்
என் மடியில் ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே எடை உணரி, விரலளவு சர்க்யூட் பலகை,
நான்கு நிற ஒயர்கள், எல்லாம் பழைய துண்டில் பொதிந்து.
கண்டக்டர் கேட்டார், "கேக்கா?"
ஆமென்றேன்.

கோவையில், கல்லூரி ஆய்வகத்தில்,
மின்விசிறிக்குக் கீழே பத்து முறையும் சரியாகச் செய்தது.
புதிய கருவிகளைப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள்.
போகிற வழியில் இருபது டிகிரி குறையும் என்று
ஒருவரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பு. மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது.
கொக்கியில் எதையும் மாட்டவில்லை.
திரை நாற்பத்திரண்டு கிராம் என்றது.
கொஞ்சம் பொறுத்து, நாற்பத்தேழு.
"காத்துக்கு எடையா மிஸ்?" என்றான் சசிதரன்.
"குளிருக்குடா," என்றது இன்னொரு குரல், விளையாட்டாக.
விளையாட்டுத்தான் சரியான விடை:
உலோகம் சுருங்கியிருக்கிறது, மின்தடை மாறியிருக்கிறது.
'எதிர்பார்க்கும் விடை' என்று நான் கோடு போட்ட கட்டத்தில்
அது இல்லை.

கடைசி பெஞ்சில் எவாஞ்சலின் மேடம்
மதிப்பீட்டுத் தாளில் எதையோ எழுதுவது தெரிந்தது.
அவசரமாக ஒரு பட்டனை அழுத்திக் காட்டினேன்.
"இப்ப இருக்கிறதையே பூச்சியம்னு வச்சுக்கோன்னு
இதுக்குச் சொல்றோம்."
நாற்பத்தேழு காணாமல் போயிற்று.

நிரோஷா கை தூக்கவில்லை, எழுந்தே நின்றாள்.
"கொழுந்துக் கொட்டகைத் தராசுலயும்
இந்தப் பட்டன் இருக்கா மிஸ்?"
"இருக்கும்."
"அங்க பூச்சியத்த யாரு வைப்பா?"

முப்பத்தொரு பேர்.
பாதிக்கு மேல் வீடுகளில்
எடை என்பது பாடம் இல்லை, சம்பளம்.
சாக்பீஸைக் கீழே வைத்தேன்.
ஒரு தராசைச் சோதிக்க என்ன வேண்டும்?
எடை தெரிந்த ஒரு பொருள்.
எது? கல், செங்கல், சசிதரன்,
கடைசியில் உப்பு பாக்கெட்.
உப்பில் இருந்தபோது மணி அடித்துவிட்டது.

தொழில்நுட்பப் பயன்பாடு: ஐந்துக்கு நான்கு.
காலப் பகிர்வு: ஐந்துக்கு ஒன்று.
குறிப்பு: பாடம் முடிக்கப்படவில்லை.

திங்கட்கிழமை, பிரேயருக்கு முன்னால்
அவளே தேடி வந்தாள்.
கணக்கப்பிள்ளை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து
ரேஷன் உப்பு ஐந்து பாக்கெட்டைத்
தராசில் ஏற்றியிருக்கிறாள்.
"அஞ்சு காட்டுச்சு மிஸ். கரெக்டா அஞ்சு."
எனக்கு ஏனோ நிம்மதி, மிஷின் பக்கம் நிற்கிறவளுக்கு வருகிற நிம்மதி.
அவள் முடித்திருக்கவில்லை.
"தராசு சரியாத்தான் இருக்கு.
அப்புறம் நோட்டுல ஏத்துறப்ப
சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டுன்னு
பேனாதான் குறைக்குது.
சனிக்கிழம நல்ல வெயிலு மிஸ்."

பிஸ்கட் டின்னில் இன்னும் இரண்டு உணரிகள் இருந்தன,
ஒன்று வெப்பத்துக்கு, ஒன்று ஈரப்பதத்துக்கு.
அன்றிரவு பாடத்திட்டம் எண் பதினேழில்
துணைக்கருவிகள் என்ற இடத்தில்
ஈரப்பத உணரி என்று எழுதினேன்.
அதன் கீழே ஒரு வரி. எழுதி, அடித்து,
மறுபடி எழுதினேன்:
சென்ற மாத எடை நோட்டு
(மாணவர் கொண்டுவருவது).