விடையாளர் 172 முதல் 200 வரை

இருநூறு வேண்டும் என்றார் ஹிரேமத் சார்.
கே.ஆர். மார்க்கெட்டுக்கு விடிகாலை நான்கு மணிக்குப் போய்
மூன்று மாதத்தில் நான் தேற்றியது
நூற்று எழுபத்தொன்று.

கேள்வி பதினான்கு:
வாடிக்கையாளர் கடனைத் திருப்பித் தருவார் என நம்புகிறேன்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்லவும்.
ஓசூர் வண்டியிலிருந்து சாமந்தி மூட்டை இறங்குகிற நேரம்.
"எந்த ஆளு?" என்றாள் முனிரத்னம்மா.
பொதுவாக, என்றேன்.
"பொதுவா யாருக்கும்மா நான் கடன் குடுத்திருக்கேன்?"
மூன்று என்று போட்டுக்கொண்டேன்.

ஒருவர் ஐந்து என்றார், அரை நிமிடத்தில் ஒன்று என்றார்;
நடுவில் ஒரு போலீஸ்காரர்
இரண்டு முழம் மல்லிகையைச் சும்மா வாங்கிப் போயிருந்தார்.
இன்னொருவர் என் படிவத்திலேயே
கனகாம்பரத்தை மடித்துக் கொடுத்துவிட்டார்.
அது 96. அவரை மறுபடி பிடிக்க நான்கு நாள் ஆயிற்று.

மே கடைசி. உதவித்தொகை முடிய ஒன்பது நாள்.
மழையில் மார்க்கெட் கீழ்த்தளம் முழங்கால் தண்ணீர்.
நாகரபாவியில் என் அறைக்குள், கதவைத் தாழிட்டு,
இருபத்தொன்பது பேரை நானே பெற்றேன்.

முதலில் எண்கள்தான். நான்கு, நான்கு, மூன்று, ஐந்து.
ஆனால் வயதுக்கு ஒரு கட்டம் இருந்தது,
தொழிலில் எத்தனை ஆண்டு என்று ஒரு கட்டம்.
இருபத்தாறு வயதுக்காரனுக்கு
முப்பது வருட அனுபவம் தர முடியாதில்லையா.
அதனால் யோசிக்க வேண்டி வந்தது.
180 எட்டாம் வகுப்போடு நின்றவன், கணக்கில் புலி.
188-க்கு இரண்டு கடை, இரண்டாவது கடை வீட்டுக்குத் தெரியாது.
193: ஐம்பத்திரண்டு வயது. பெண். தனியாள்.
அவளுக்குப் பதினான்காவதில் ஒன்று போட்டேன்.
யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும்.
பிறகு தனியாள் பெண்கள் எல்லோருக்கும்
கை தானாகவே
ஒன்றுக்கும் இரண்டுக்கும் போயிற்று.
நானும் தனியாள்தான். அதைக் கேட்கக் கட்டம் இல்லை.

நம்பகக் குணகம் 0.66 இருந்தது, 0.71 ஆயிற்று.
"சுத்தமான டேட்டா," என்றார் சார்.
சுத்தம்தான். அந்த இருபத்தொன்பது பேர்
பாதியில் எழுந்து போகவில்லை,
சொன்னால் என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை,
லோன் கம்பெனிப் பெண் என்று பயந்து
தராசுக்குப் பின்னால் ஒளியவில்லை.
பெயர்கள் எழுதக்கூடாது என்பது அறநெறிக் குழுவின் விதி.
விடையாளர்களைக் காப்பாற்றத்தான் அப்படி ஒரு விதி.
காப்பாற்றியது.

வாய்மொழித் தேர்வில் டெல்லியிலிருந்து வந்தவர் கேட்டார்:
களத்தில் உங்களை மிகவும் பாதித்த விடையாளர் யார்?
193 என்றேன்.
இரண்டு நிமிடம் அவளைப் பற்றிப் பேசினேன்.
ஒரு கல்யாண ஆர்டர், வராத பதினெட்டாயிரம்,
அதன் பிறகு அவள் யாருக்கும் ஒரு மொட்டுகூடக் கடன் தராதது.
என் குரல் உடைந்தது.
அந்த அறையில் அது மட்டும் உண்மை.

கட்டுரை வெளிவந்தது. சிறுகடன் நிறுவனம் ஒன்று
அதிலிருந்து ஒரு வரியை எடுத்துக்கொண்டது.
வரவேண்டியது வராது என்று நினைப்பவர்
வட்டியும் கட்டமாட்டார், அப்படி ஏதோ.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பூ வாங்கப் போனேன்.
கடைமுன் ஸ்டூலில் ஒரு பையன், மடியில் டேப்.
முனிரத்னம்மாவிடம் கேட்டுக்கேட்டுத் தட்டினான்.
வயசு?
"ஐம்பத்திரண்டு முடியப்போவுது."
வீட்டில் எத்தனை பேர்?
அவள் பதில் சொல்லாமல்
முழம் போடுகிற கையை விரித்தாள்,
அதில் ஒன்றும் இல்லை.
திரை சிவப்பாயிற்று.
"கம்ப்யூட்டர் வேணாங்குது அக்கா, நான் என்ன பண்ண?"

அவள் என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை.
எவ்வளவு வேணும் என்றாள்.
ரெண்டு முழம்.
அளந்தாள். கொஞ்சம் கூடவே விட்டு அறுத்தாள்.

என் பையில் புது வினாத்தாள் இருந்தது.
இந்த முறை முந்நூறு வேண்டும்.