டெலீட் விசையில் ஒட்டிய பிளாஸ்திரி

மேலப்பாளையம், பீடித் தொழிலாளர் மருத்துவமனை.
பழைய எக்ஸ்ரே அறையில்தான் சர்வர்.
கதவில் இன்னும் ஈயத் தகடு,
கதவுக்கு மேல் இன்னும் அந்தச் சிவப்பு பல்பு.
உள்ளே குளிர்.
வெளியே மே மாதத்து இரவு
சட்டையோடு ஆளைப் பிழிந்துகொண்டிருந்தது.

நான் எழுதிய கருவியை இன்னொருவர் ஓட்ட,
பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது முதல் தடவை.
வாய் திறக்கக் கூடாது;
எனக்கு நானே போட்ட நிபந்தனை.
ஒரு நோட்டு, ஒரு பேனா,
சொல்ல வந்து விழுங்கிய பதினேழு வார்த்தைகள்.

மைதீன் பாத்துவுக்கு இரவுப் பணி.
போன மாசம் அவள் கையால் ஒரு கோப்புறை போயிற்று.
ஏழு பேரின் சளிப் பரிசோதனை.
ஏழு பேரும் அரைநாள் கூலியை விட்டு
மறுபடி வந்து துப்பிவிட்டுப் போனார்கள்.
அவளுக்கு மெமோ.
அறிக்கையில் ‘பயனர் பிழை’ என்று எழுதியவன் நான்.
இரண்டே சொல்.

உறுதியா? என்றது திரை.
தற்காலிகக் கோப்புக்குக் கேட்டது,
அச்சுக்குக் காத்திருந்த ரசீதுக்குக் கேட்டது,
ஆறு வருஷத்து நெஞ்சுப் படங்களுக்கும்
அதே சாம்பல் பெட்டியில், அதே எழுத்தில் கேட்கும்.
ஒன்றரை மணிக்குள் இருபத்தாறு தடவை.
ஈ ஓட்டுவதுபோல் அவள் விரல்
இருபத்தாறு தடவையும் ஆம் என்றது.

அப்புறம் அந்த விரல்
டெலீட் விசை வரை போய், தடவி,
திரும்பி வந்தது.
குனிந்து பார்த்தேன்.
விசைமேல் ஒரு துண்டு பிளாஸ்திரி,
ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவார்களே, அது.

“இது எதுக்கு?”
நிபந்தனை அங்கேயே உடைந்தது.

“நாளைக்கு நாப்பது தடவ கேக்கு சார்,
எல்லாத்தையும் ஒரே கொரல்ல கேக்கு.
வாசல்ல வந்து நிக்கவன்
தண்ணி கேட்டாலும் வீட்டுப் பத்திரத்தக் கேட்டாலும்
ஒண்ணு போல கேட்டா, மனுஷி என்ன செய்வா?
இது சொரசொரன்னு தட்டும்.
கை முழிச்சிக்கிடும்.”

இரண்டு மணிக்கு எழுந்துபோய்
சிவப்பு பல்பைப் போட்டுவிட்டு வந்தாள்.
பேக்கப் ஓடுகிறது என்று அர்த்தமாம்.
பல்பு எரிந்தால், பெருக்க வரும் பிரம்மசக்தி
பிளக்கைத் தொட மாட்டாள்.
நான் வரைந்த பச்சைப் பட்டை
தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டு
அரைமணி நேரமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

வண்ணார்பேட்டை லாட்ஜில், விடிவதற்குள்
‘உறுதியா’வை அழித்தேன்.
அந்த இடத்தில் எழுதினேன்:
இதில் 1,312 பேரின் நெஞ்சுப் படங்கள் இருக்கின்றன.
கடைசியாகத் திறந்தவர் டாக்டர் கோயில்பிச்சை,
நேற்றுப் பகல் 11.40.

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று
தாலுகா ஆபீஸ் ஜன்னல் மாதிரி
முகத்தில் அறைந்ததையும் எடுத்தேன்.
இதற்குச் சொரிமுத்துவின் சாவி வேண்டும்.
காலை எட்டுக்கு வருவார்.
அதுவரை ஒன்றும் கெட்டுப்போகாது.

கடைசி வாக்கியத்துக்குத்தான் மூன்று வாரம் ஆனது.
எழுத அல்ல,
அதை உண்மையாக்க.

நடுவில் ஒருநாள்
அந்த இரண்டு சொல்லைத் திருத்தப் போனேன்.
முடித்த அறிக்கையைத் திறக்க வழியில்லை என்றது திரை.
காரணம் சொல்லவில்லை,
யாரைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை.
அந்தக் கருவியும் நான் எழுதியதே.
கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் பேனாவால் எழுதி
மெமோவோடு பின்னடித்துக் கொடுத்தேன்.

ஆடியில் புதுப் பதிப்போடு போனேன்.
மேற்கே எங்கோ சாரல்,
இங்கே அதன் காற்று மட்டும்.
மைதீன் பாத்து ஒவ்வொரு வரியாக
உதடு அசைய வாசித்தாள்.
ஒரு இடத்தில் சிரித்தாள். எந்த இடம் என்று கேட்கவில்லை.
நோட்டிலும் குறிக்கவில்லை.

விசையில் பிளாஸ்திரி இருந்தது.
புதுசு. ஓரம்கூடக் கறுக்கவில்லை.

“அது கெடக்கட்டும் சார்,” என்றாள்,
“ஒங்கள நம்பாம இல்ல.”