சாய்மானம்

இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் முதுகெலும்பைப் படம் பிடிக்கிறவன் நான்.
மூச்சை இழுங்க. நிறுத்துங்க. அசையாதீங்க.
சரி, விடுங்க.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை,
தமிழில், தெலுங்கில், அரைகுறை வங்காளத்தில்.

என்னுடையதைப் படம் எடுத்ததில்லை.
வேலூரைத் தாண்டி
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள்
அதுவே தகவல் சொல்லிவிடும்,
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
யாரோ சாவியை விட்டுத் திருகுகிற மாதிரி.
வண்டியை ஓரங்கட்டுவேன்.
குனிந்து டயரைப் பார்ப்பேன்.
பின்னால் இறங்கி நிற்கிற பூங்கொடிக்குத் தெரியும்
இரண்டு வருடமாக
அந்த டயரில் காற்று குறைந்ததே இல்லை.

சைதாப்பேட்டையில் சீட்டு தைக்கிற நயாஸ்
வண்டியைப் பார்க்கவில்லை.
"ஏறி உக்காருங்க சார்."
இடுப்பிலிருந்து மேலே டேப் ஓடியது.
காதில் செருகிய சாக்பீஸை எடுத்து
சட்டைமேலேயே ஒரு கோடு.
"இப்ப சாயுங்க."
சாய்ந்தேன்.
"சாயலையே சார் நீங்க."
சாய்ந்துதான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.
அவன் உள்ளங்கையை என் முதுகுக்குப் பின்னே விரித்து
"கைக்கு வெயிட்டே வரல" என்றான்.

கடைக்கு எதிரே ஷேர் ஆட்டோ நின்றது,
உள்ளே ஆறு பேர், பன்னிரண்டு கண்.
மத்தியான வெயிலில்
முன்பின் தெரியாதவன் கையில்
எழுபத்தெட்டுக் கிலோவை எப்படி வைப்பது.
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்:
மூச்சை இழுங்க.
சரி, விடுங்க.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒதுக்கிய தோல்,
காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் ஒரு தழும்பு.
கீழே கெட்டி ஃபோம், மேலே மெத்து.
முடுக்கப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்.
ஆயிரத்து எண்ணூறு சொன்னான்,
நூறு குறைத்து,
அந்த நூறுக்கு ஒரு மழை உறை விற்றான்.

பூங்கொடி சுற்றிவந்து பார்த்தாள்.
"நடுவுல எதுக்கு காம்பவுண்டு சுவர்?"

முதல் தகராறு பெட்ரோல் பங்க்கில்.
பழைய ஞாபகத்தில் காலைச் சுழற்றி இறங்க
ஷூ போய் அதில் மாட்டிக்கொண்டது.
ஒற்றைக்காலில் நின்று
டேங்க் மூடியைத் திறந்துகொடுத்தேன்.
பையன் மீட்டரைப் பார்க்கிற சாக்கில்
முகத்தைத் திருப்பிச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை.
பள்ளிகொண்டாவில் இருசக்கர வாகனங்களுக்கான
இடுக்கு வழியில் நுழைந்து,
நிற்காமல் வெளியே வந்தேன்.
மாதனூர் போனது. ஆம்பூர் பிரியாணி மணம்
ஹெல்மெட்டுக்குள் வந்து, பாதியில் இறங்கிக்கொண்டது.
பாலாறு இந்தத் தடவை
கொஞ்சம் தண்ணீரோடு கூடவே வந்தது.
வாணியம்பாடி நெருங்கும்போது
தோலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அழுத்தம்:
அவள் நெற்றி.
நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்,
நடுவில் மூன்று அங்குல ஃபோம்.
"தூங்கறியா?" என்றேன்.
லாரிக் காற்று அதை எடுத்துப் போயிற்று.

ஏலகிரி ஏற்றத்தில் அதனால் ஒரு பயனுமில்லை.
பதினான்கு வளைவிலும்
முன்னால் கவிழ்ந்து, பக்கவாட்டில் சரிந்து;
அந்தச் சாய்வு வேறு,
அதற்கு யாரும் தைத்துத் தர முடியாது.

மேலே டீக்கடை. சிமெண்ட் பெஞ்சு.
டம்ளரை வாங்கிக்கொண்டு
நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தேன்.

பின்னால் ஒன்றுமில்லை.

பாதி டீ சட்டையில், மீதி குரங்குக்கு.
காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தியவள்
சிரிப்பை அடக்கமுடியாமல் கேட்டாள்:
"என்னங்க, டயர்ல காத்து இல்லையா?"