நெடில்

ஊலுவில் சனவரி. விடிய மணி பத்தாகும்.
கடல் இறுகியதும் எதிர்த் தீவுக்குப்
பனிக்கட்டியே பாதை.
அதற்குள் பதினோரு உணரிகளைப் புதைத்திருக்கிறோம்.
அவை முனகுவதைக் கெர்னலுக்குள் உட்கார்ந்து கேட்கிறது
நான் எழுதிய மாட்யூல்.

கேட்டதை வெளியே எப்படிச் சொல்வது?
இதில்தான் எனக்கும் விர்பிக்கும்
மூன்று வாரச் சண்டை.

ஐஆக்டல் போதும் என்றாள்.
ஒரே கதவு, வேலைக்கு ஓர் எண்.
கண்ஜாடை அது என்றேன்.
அடித்தவளுக்கும் பார்த்தவனுக்கும் புரியும்,
மூன்றாவது ஆள் வந்தால் முழிப்பான்.

நெட்லிங்க்?
பனி விரிசல் விட்டால் கெர்னலே கூப்பிடும்.
அழகுதான்.
மறுமுனையில் எவராவது விழித்திருக்க வேண்டும்.
தூங்கினால், வரிசை நிரம்பி
சொன்னதெல்லாம் கொட்டிப்போகும்.

நினைவகத்தில் ஒரு பக்கத்தை
இருவருமாகப் பங்குபோடலாம் என்றும் பார்த்தோம்.
அத்தனை வேகம்! காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தேன்.
ஆனால் நாற்பத்தொன்று முப்பத்தொன்பதாகும் அந்த நொடியில்
எட்டிப் பார்த்த நிரலுக்குக் கிடைத்தது
நாற்பத்தொன்பது.
பழைய நான்கு, புதிய ஒன்பது.
அந்த எண்ணை நம்பி ஒரு மரலாரி இறங்கியிருக்கும்.
அன்று இருவரும் பேசாமல் வீட்டுக்குப் போனோம்.

கடைசியில் ஒரு கோப்பு.
உள்ளே ஓர் எண், சென்டிமீட்டரில்.
அவ்வளவே.
பூட்டு இல்லை, சாவி இல்லை,
எழுத முடியாது, எவரும் படிக்கலாம்.
தடிமன் என்பதற்கான இங்குள்ள சொல்லையே பெயராக வைத்தேன்:
பக்ஸூஸ்.

வைத்ததாக நினைத்தேன்.

ஏப்ரலில், பனி உருகிப் பாதையை மூடிய பிறகு
விர்பி திரையில் விரலை வைத்தாள்.
பக்ஸுஸ்.
ஒரு நெடில் குறிலாகிவிட்டிருந்தது.
ஓர் எழுத்துதானே, இப்போதே திருத்திவிடு என்றாள்.
கையும் போனது.

எஸ்கோவின் ஞாபகம் வந்தது.
தீவுப் பாதையில் பனி தள்ளுகிறவர்.
எங்களிடம் கேட்காமலே
மூன்று வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி
வண்டியில் தொங்கும் பழைய டேப்லெட்டில் போட்டிருக்கிறார்.
அந்தக் கோப்பு காணாமல் போனால்
அவர் திரை பிழை காட்டாது.
நேற்றைய எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

சரியான பெயரில் இன்னொன்று வைப்போமா?
வைத்தால் இரண்டையும் காலம் முழுக்கச் சுமக்கணும்.
மாட்யூலை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம்;
வெளியே நம்பிவிட்ட ஒருவரை எங்கிருந்து கழற்றுவது?

விட்டுவிட்டோம்.
கோப்பின் தலையில் ஒரு குறிப்பு மட்டும்:
பிழைதான், தொடாதே.

அடுத்த குளிர்காலம், மைனஸ் இருபத்தாறு.
கரையில் வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்த எஸ்கோவிடம்
தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டேன்.
முதல் நாளே பார்த்தேனே என்றார்.
மிஷின் அப்படித்தான் கூப்பிடும் போல என்று விட்டுட்டேன்.

பின்னால் அவருடைய அறிவிப்புப் பலகை.
மற்ற ஓட்டுநர்களுக்காகச் சாக்பீஸால் எழுதியிருந்தார்,
எங்கள் குறிலோடு:
பக்ஸுஸ் 43.