சாக்குக் கழிவு

நாகப்பட்டினம். நாற்பத்திரண்டு, சித்திரை.
அஞ்சப்பன் வலையில் சிக்கிய
ஜப்பான் விமானத்தின் இருக்கையை
என் நெல் தராசில் வைத்தார்கள்.
தட்டு இறங்கவே இல்லை.
படிக்கல்லை மாற்றி மாற்றி
கடைசியில் புளி நிறுக்கிற கல்.

இருக்கை முழுக்க ஓட்டை.
குண்டு பட்டதா என்றார் துரை.
இல்லீங்க, விளிம்பெல்லாம் வழவழப்பு.
அளந்து போட்ட துளைகள்,
ஒன்றுக்கு அரைப்பலம் மிச்சம்.
எங்கோ ஒருவன்
விளக்கைத் தூண்டிவிட்டு
ராவெல்லாம் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.
எனக்குத் தெரியும் அந்த வேலை:
மூட்டைக்குச் சாக்கு, ஈரம், பதர்.

முதுகுப் பக்கம் தட்டிப் பார்த்தேன்.
காப்புத் தகடு கிடையாது.
நகம் அழுத்தினால் நெளிகிறது.
உட்காருகிறவனையும்
சாக்கோடு சேர்த்துவிட்டான், பாவி.

பேரேட்டில் எழுதினேன்:
இருக்கை ஒன்று. ஆள் இல்லை.
நிகர எடை என்ற இடத்தில்
மை உலர்ந்தது.
சீக்கிரம் என்றார் துரை.